பற்றை வெட்ட எந்தக் கத்தி?

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று மறுபடி மண்ணில் கால் ஊன்றும்போது முதலில் தேடும் கருவிகள் மண்வெட்டியும் கத்தியும் ஆகும். மண்வெட்டி வாங்குவதில் பெரிதாகப் பிசகு நேர்வதில்லை. கடையில் உள்ள இரண்டு மூன்று அளவுகளில் ஒன்றை எடுத்துப் பிடி போட்டுக்கொண்டால் வேலை தொடங்கிவிடும். கத்தியில்தான் பலரும் காசை வீணாக்குகிறார்கள். பளபளப்பைப் பார்த்தோ, பாரத்தைப் பார்த்தோ, பக்கத்து வளவுக்காரர் வைத்திருக்கிறார் என்பதற்காகவோ வாங்கிய கத்தி இரண்டாம் நாளே கூரைத் தாழ்வாரத்தில் செருகப்பட்டுவிடுகிறது. சிலவேளை களைத்த கையிலிருந்து நழுவிக் காலிலும் இறங்கிவிடுகிறது.

கையிலுள்ள பணம் ஒரு கத்திக்குத்தான் போதும் என்றால், நடுத்தர அளவான, முனை உள்நோக்கி வளைந்த காட்டுக்கத்தி ஒன்றை வாங்குங்கள். இன்னும் கொஞ்சம் மிஞ்சினால் ஒரு சத்தகம் வாங்குங்கள். இந்த இரண்டும் ஒரு விவசாயக் குடும்பத்தின் அன்றாட வெட்டு வேலைகளில் பெரும்பகுதியைச் செய்து முடிக்கும். பெரிய கத்தி ஒன்றிருந்தால் எல்லாம் நடக்கும் என்பது வெறும் மயக்கம். ஆனால் "நடுத்தரம்" என்பது உங்கள் கைக்கு எவ்வளவு என்பதை நீங்களே பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அதற்கான வழிகளையே இங்கு சொல்ல முயல்கிறோம்.

கத்தி எடுக்க முன்

நீண்ட காலம் ஆளில்லாமல் கிடந்த காணிக்குத் திரும்புவோர், கத்தியைப் பற்றி யோசிக்க முன் காணியைப் பற்றி விசாரிக்க வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் மிதிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகளாக நடந்து பெரும்பகுதி முடிந்துள்ளது. எனினும் அது முற்றாக முடியவில்லை. 2017 டிசெம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்த இலங்கை, 2028ஆம் ஆண்டை இலக்காக வைத்தே அப்பணியை முடிக்க முயல்கிறது. ஆகவே, பற்றைக்குள் இறங்க முன் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ அந்தக் காணி துப்புரவாக்கிக் கையளிக்கப்பட்டதா என்று கேளுங்கள். மண்டையோட்டுப் பலகை விழுந்து கிடந்தாலும் அது நிற்பதாகவே எண்ணிக்கொள்ளுங்கள். வெட்டும்போது உலோகப் பொருள் ஏதும் தென்பட்டால் கத்தியால் தட்டிப் பார்க்க வேண்டாம். வந்த காலடித் தடத்திலேயே திரும்பி வந்து அறிவியுங்கள். பழைய இரும்பு விற்கலாம் என்று பொறுக்கப் போய் உயிரிழந்தவர்கள் நம்மிடையே உண்டு.

இன்னொன்றையும் கேட்டறிய வேண்டும். இருபது முப்பது வருடம் கைவிடப்பட்ட வயலும் வளவும் காடாகத்தான் தெரியும். அதைக் காடு என்றே கருதி வனவளத் திணைக்களம் எல்லை போட்டிருக்கவும் கூடும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் மன்னார் முசலிப் பகுதிக்குத் திரும்பியபோது இந்தச் சிக்கல் பெரிதாக எழுந்தது. உறுதியும் அனுமதிப் பத்திரமும் கையில் இருந்தாலும், எல்லையை உறுதிப்படுத்தாமல் பெருமரங்களில் கத்தி வைக்க வேண்டாம். சொந்த வளவிலேயே நின்றாலும் பலாவையும் பெண்பனையையும் தறிக்க அனுமதி பெறவேண்டும்.

வேலை என்ன? கை யாருடையது?

அடுத்த மூன்று மாதத்தில் நீங்கள் எதை வெட்டப் போகிறீர்கள் என்று வீட்டாரோடு இருந்து பேசிப் பாருங்கள். வலிகாமம் வடக்கில் 1990இல் விட்டு வந்த காணி, பிற்காலத்தில் விடுவிக்கப்பட்டுக் கையில் கிடைத்தவருக்கு நாயுண்ணியும் ஈச்சம்பற்றையும், இவற்றுக்கடியில் மறைந்து கிடக்கும் கற்களும்தான் எதிரி. வன்னியில் திரும்பியவருக்கு கை மொத்தத்துக்கு வளர்ந்த விடத்தலும் உடையும் நிற்கும். உறவினர் வளவிலோ வாடகைக் காணியிலோ இன்னமும் இருப்பவருக்கு வேலி அடைக்கக் கதியால் வெட்டுவது, ஆட்டுக்குக் குழை முறிப்பது, கிடுகுக்கு ஓலை கிழிப்பது போன்றவையே வேலை. இந்த மூவரும் ஒரே கத்தியை வாங்கினால் இருவராவது ஏமாறுவர்.

மெல்லிய, நீண்ட தகட்டுக்கத்தி புல்லையும் பச்சைத் தண்டையும் வேகமாக வெட்டும். காய்ந்த கட்டையில் அடித்தால் துள்ளும், அல்லது வளையும். முதுகு தடித்த கத்தி கட்டையில் இறங்கும், புல்லில் ஒன்றும் செய்யாது. புல்லு அதன் முன் படுத்துக்கொள்ளும். முனை வளைந்த காட்டுக்கத்தி இரண்டுக்கும் நடுவே நிற்பது. அந்த வளைவு அழகுக்காக வைத்ததன்று. அது கிளையைக் கொளுவி இழுக்க உதவும். நிலத்தோடு அண்டி வெட்டும்போது முதலில் கல்லில் படுவது வளைவின் நுனியே, வாய் தப்பிக்கொள்ளும். கற்பூமியில் நேர் முனைக் கத்தி வாங்கியவருக்கு இந்த வேறுபாடு ஒரு காலைப்பொழுதுக்குள் விளங்கிவிடும். தேங்காய்க்கும் இறைச்சிக்கும் என்று விற்கப்படும் அகன்ற மன்னாக்கத்தி பற்றை வேலைக்குத் தோதில்லை. அதன் பாரம் முழுவதும் முன்னே இருப்பதால் அரை மணித்தியாலத்தில் மணிக்கட்டு நோகத் தொடங்கும்.

உயரத்தில் வேலை என்றால் காட்டுக்கத்தியோடு மரத்தில் ஏறாதீர்கள். அதற்குத்தான் நீண்ட தடியில் கட்டிய கொக்கைச்சத்தகம் இருக்கிறது. பனையோலையும் ஆட்டுக்குழையும் நிலத்தில் நின்றே விழுத்தலாம். நெல் அரிவதற்கு அரிவாள், கிழக்கில் தாக்கத்தி. சீவல் தொழிலாளரின் பாளைக்கத்தி மிக மெல்லிய வாயுள்ளது; அவர்களைத் தவிர மற்றவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இனி, கை. இன்று பல குடும்பங்களில் கத்தி எடுப்பவர் தாயாகவோ, வயதான தகப்பனாகவோ, பதினாறு பதினேழு வயதுப் பிள்ளையாகவோ இருக்கிறார். காணாமல் போனவரின், இறந்துபோனவரின் கத்தி வீட்டில் இருக்கும். அதை விட்டுவிட மனம் வராது. ஆனால் அந்தக் கத்தி வேறொரு தோளுக்காக அடிக்கப்பட்டது.

கைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க எளிய வழிகள் உண்டு. கத்தியைப் பிடித்து, கையை முன்னே நேராக நீட்டி, அலகு நிலத்துக்கு மட்டமாக இருக்கும்படி வைத்துக்கொண்டு மெதுவாக முப்பது வரை எண்ணுங்கள். அதற்குள் முனை கீழே சாய்ந்தால் அது உங்களுக்குப் பாரம். திடகாத்திரமான ஒருவருக்கு 12 முதல் 14 அங்குல அலகும் 600, 700 கிராம் நிறையும் சரிவரும். மெலிந்த உடம்புக்காரருக்கு 10 அங்குல அலகும் 400 முதல் 450 கிராமும் போதும். பாரம் குறைந்த கத்தியால் மூன்று வெட்டில் விழுத்தும் கிளையைப் பாரமான கத்தி இரண்டு வெட்டில் விழுத்தும் என்பது உண்மைதான். ஆனால் பாரமான கத்தி பத்து மணிக்கே உங்களை மர நிழலுக்கு அனுப்பிவிடும். கூலிக்குப் பற்றை வெட்டப் போகிறவர்கள் இதை நன்றாகக் கணக்கிட வேண்டும்.

பிடியை இறுக்கிப் பிடித்தால் விரல் நுனிகள் உள்ளங்கையின் பெருவிரல் மேட்டை அநேகமாகத் தொட வேண்டும். நகம் உள்ளங்கையில் குத்தினால் பிடி மெல்லியது. இரண்டு விரல் இடைவெளி இருந்தால் மொத்தம். அந்தப் பிடி வியர்வையில் சுழலும். அடுத்து, அலகை ஒரு விரலில் வைத்துச் சமநிலை பாருங்கள். வெட்டுக் கத்தி பிடிக்கு முன்னால் மூன்று நான்கு விரற்கிடை தள்ளிச் சமநிலை கொண்டால் வெட்டுக்கு வேகம் கிடைக்கும், மணிக்கட்டும் தாங்கும். அதைவிட முன்னே தள்ளியிருந்தால் வேண்டாம்.

கணவரின் பெரிய கத்தியை வைத்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு யோசனை. அதைக் கொல்லரிடம் கொண்டுபோய் முன்புறத்தில் இரண்டு அங்குலம் குறைத்து, முதுகையும் சற்றுத் தட்டி மெலிவாக்கித் தரச் சொல்லுங்கள். நெருப்பில் வைத்து அடித்தால் மறுபடி தோய்ச்சல் கொடுத்தாக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். புதிய கத்தியைவிட இது மலிவு. அவருடைய கத்தியும் வீட்டில் இருக்கும்.

இடது கைக்காரர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சில கத்திகள் ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டப்பட்டிருக்கும். வலக்கைக்குத் தீட்டிய அத்தகைய கத்தி இடக்கையில் வெளியே வழுகி ஓடும். இரு பக்கமும் தீட்டியதை வாங்குங்கள், அல்லது கொல்லரிடம் சொல்லி மறுபக்கம் தீட்டுவியுங்கள்.

உருக்கும் தோய்ச்சலும்

கத்தி எவ்வளவு அழகாக அடிக்கப்பட்டிருந்தாலும் இரும்பு நல்லதில்லையென்றால் பயனில்லை. கட்டிடக் கம்பி போன்ற மெல்லிரும்பில் கரி மிகக் குறைவு. எத்தனை முறை பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் அது வாய் பிடிக்கும் அளவுக்கு இறுகாது. லொறியின் வில்லுத்தகட்டில் கரி ஏறத்தாழ நூற்றுக்கு 0.6 பங்கு உண்டு. அது இறுகவும் செய்யும், அடியையும் தாங்கும். வடக்கில் பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் பழைய வில்லுத்தகடு கொல்லருக்குப் பொன் போல இருந்தது. இன்றும் காட்டுக்கத்திக்கு அதைவிடச் சிறந்த பொருள் நம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. பழைய அரத்தில் கரி இன்னும் அதிகம். அதில் சிறிய சத்தகம் அருமையாக வரும். அதையே பெரிய கத்தியாக அடித்தால் முடிச்சு விழுந்த கட்டையில் படும்போது துண்டு தெறிக்கக்கூடும்.

எதில் அடித்தாலும் கொல்லரின் திறமை தோய்ச்சலில்தான் தெரியும். அலகைச் செம்மஞ்சளாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்க்கும்போது அது கண்ணாடி போல இறுகும். அப்படியே விட்டால் உடையும். ஆகவே மறுபடி மிதமாகச் சூடாக்கி, துலக்கிய இரும்பில் வைக்கோல் நிறம் வந்து, அது கபில நிறமாக மாறும் வேளையில் நிறுத்துவார்கள். கண்ணால் பார்த்தே இந்தக் கணத்தைப் பிடிக்கும் கொல்லர் உங்கள் ஊரிலோ அயலூரிலோ இருந்தால், கடைக் கத்தியை விட்டுவிட்டு அவரிடம் போங்கள். பற்றைக்கா, தேங்காய்க்கா, யார் பிடிக்கப் போகிறார் என்று அவர் கேட்பார். கடைக்காரர் அப்படிக் கேட்பதில்லை. வில்லுத்தகட்டை நீங்களே கொண்டுபோனால் செலவும் குறையும். ஆனால் எறிகணைத் துண்டோ, என்னவென்று தெரியாத போர்க்கால இரும்போ எதையும் உலைக்களத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கடையில் வாங்குவதானால், ஒரு சிறு அரத்தைக் கூடவே கொண்டுபோகக் கூச்சப்படாதீர்கள். பிடிக்கு அருகே வாயில் மெதுவாக ஒரு தடவை இழுங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் அரம் இறங்கினால் அது மெல்லிரும்பு. கண்ணாடியில் போல வழுகிப் போனால் மிதமிஞ்சி இறுகியது. கல்லில் பட்டால் பல்லு விழும். விருப்பமில்லாமல் பிடிப்பதுபோல் சற்றே பிடித்தால் அதுதான் வேண்டியது. பிறகு கத்தியைக் கண்ணுக்கு நேரே பிடித்து வாய் ஒரே கோட்டில் ஓடுகிறதா, முறுக்கு உண்டா என்று பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள். மீள்குடியேற்றத்தின்போது கருவிப் பொதிகளில் கிடைத்த கத்திகளையும் இவ்விதமே சோதிக்கலாம். அவற்றில் நல்லதும் உண்டு, வெறும் தகடும் உண்டு. வெறும் தகடாக இருந்தால் தோட்டத்தில் புல்லுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கட்டைக்கு எடுக்காதீர்கள்.

பிடியைப் பற்றி ஒரு சொல். அலகின் வால் பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று கேளுங்கள். பாதிக்காவது போக வேண்டும். முழுவதும் போய் மறுமுனையில் மடித்து அடித்திருந்தால் இன்னும் நல்லது. வாயருகே இரும்புப் பூண் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பிடி வெயிலில் வெடிக்கும். புளி, கொய்யா, பூவரசு மரங்களின் காய்ந்த வைரத்தில் நீங்களே பிடி செதுக்கலாம். பச்சை மரத்தில் போட்ட பிடி காய்ந்ததும் ஆடத் தொடங்கும். ஆடும் பிடியோடு ஒரு வெட்டுக்கூட வெட்ட வேண்டாம். பழைய பிடியைக் கழற்ற அடுப்பில் போட்டு எரிப்பதை நம்மவர் பலர் செய்கிறார்கள். அந்தச் சூட்டில் தோய்ச்சலும் சேர்ந்து போய்விடும். பிளந்து கழற்றுங்கள்.

தீட்டுதல்

நன்றாகத் தீட்டிய சாதாரணக் கத்தி, மழுங்கிய விலையுயர்ந்த கத்தியை வெல்லும். மழுங்கிய இரும்போடு மல்லுக்கட்டுவது எவ்வளவு வீண் பாடு என்று பிரசங்கியும் அறிந்திருந்தார். வெட்டுக் காயங்களுக்கு மழுங்கிய கத்தி ஒரு பெருங்காரணம். இறங்காத கத்தி மேலே வழுகும். நாமும் கூடுதல் பலத்தோடு ஓங்குவோம்.

காட்டுக்கத்திக்குச் சரிவு சற்று நிமிர்ந்திருக்க வேண்டும். 2 அங்குல அகலக் கத்தியைக் கல்லில் படுக்க வைத்து, முதுகை அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக உயர்த்தினால் வரும் சரிவு போதும். சத்தகத்துக்கு அதில் பாதிச் சரிவு. பல்லு விழுந்திருந்தால் முதலில் அரத்தால் ஒரே திசையில் தள்ளி மட்டமாக்கி, பின்னர் தண்ணீர் விட்டுக் கல்லில் இரு பக்கமும் சமமாகத் தீட்டுங்கள். கல்லில்லாத இடத்தில், சீவல் தொழிலாளர் செய்வதுபோல மரத்தடியில் வெங்கச்சங்கல்லுத் தூளைப் போட்டும் தீட்டலாம். மின்சாரச் சாணைக்காரரிடம் கொடுப்பதானால் அருகில் நின்று பாருங்கள். வாய் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது என்று அர்த்தம். அடிக்கடி தண்ணீரில் தோய்க்கச் சொல்லுங்கள். காட்டில் வேலை செய்யும் நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சிறிது தீட்டுவது இளைப்பாறுவதற்கும் ஒரு சாட்டு. மாலையில் துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசி வைத்தால் கடற்காற்றுப் படும் ஊரிலும் கறள் ஏறாது.

வெட்டும்போது

இடக்கையில் ஒரு கவைத்தடி வைத்துக்கொள்ளுங்கள். முட்கிளையை அதனால் விலக்கிப் பிடித்து வெட்டினால் விரலும் தப்பும், பற்றைக்குள் சுருட்டையோ கண்ணாடி விரியனோ கிடந்தால் கையும் தப்பும். வெட்டு எப்போதும் உங்கள் காலுக்கு வெளியே போய் முடிய வேண்டும். கை நீட்டி இரண்டு மடங்கு தூரத்துக்குள் எவரும் நிற்கக் கூடாது. பிள்ளைகள் விறகு பொறுக்க ஓடிவருவார்கள்; வெட்டி முடிந்தபின் வரச் சொல்லுங்கள். அடிக்கட்டையைச் சரிவாக வெட்டி விட்டால் அது ஈட்டி போல் நின்று நாளை செருப்பையும் துளைத்துக் காலில் ஏறும். மட்டமாக வெட்டுங்கள், முடிந்தால் அலவாங்கு கொண்டு வேரோடு கிளப்புங்கள்.

பழைய சைக்கிள் ரயரில் அலகின் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, வாயின் மேல் கவிழ்த்து ரியூப் நாடாவால் கட்டினால் நல்ல உறை. பஸ்ஸிலோ சைக்கிளிலோ போகும்போது அதற்கு மேல் சாக்கும் சுற்றுங்கள். வழியில் கேட்பவருக்குப் பதில் சொல்வதும் இலகு.

காயம் பட்டுவிட்டால் கோப்பித் தூளோ சுண்ணாம்போ அப்ப வேண்டாம். சுத்தமான துணியை மடித்து வைத்து, பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடித்து, அந்தக் கையை அல்லது காலை உயர்த்தி வையுங்கள். ஆழமான வெட்டு என்றால், விரல் மடங்கவில்லை அல்லது மரத்துப் போயிருக்கிறது என்றால், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். சிறு காயமானாலும் மண் பட்டிருந்தால் ஏற்புத் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டது என்பதை ஆஸ்பத்திரியில் சொல்லிக் கேளுங்கள். பற்றை வெட்டப் போக முன்னரே வீட்டில் எல்லோருடைய ஊசி அட்டையையும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.